தோல் குப்பைக்கு, கஞ்சி தங்கச்சிக்கு

காலையில் அடுப்படிக்குள் நுழைந்தாலே மனசு ஆறமாட்டேன் என்கிறது. ஒரு அடுப்பில் ரவைக் கஞ்சி கொதிக்கிறது. பக்கத்தில் அம்மா உருளைக்கிழங்கைச் சீவிச் சீவித் தோலைப் பழைய பேப்பரில் குவிக்கிறார். கஞ்சி, ஆறு மாதக் கர்ப்பிணியான என் தங்கச்சிக்கு. தோல், குப்பைத்தொட்டிக்கு.

போன வாரம்தான் சுங்கைப்பட்டாணி கிளினிக்கில், தங்கச்சியின் பிங்க் நிறக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் ஹீமோகுளோபின் 9.4 என்று எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பிணிக்கு அது 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. இரும்பு மாத்திரையும் கையில் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது: "ரெண்டு வேள ரவக்கஞ்சி குடிச்சா தன்னால ரத்தம் ஊறிடும்."

எப்படியம்மா ஊறும்? கோதுமையில் தவிட்டையும் முளையையும் நீக்கியபின் மிஞ்சுவதுதான் ரவை. சத்து சேர்க்காத ரவை 100 கிராமில் இரும்பு ஏறக்குறைய 1.2 மில்லிகிராம். ஒரு கிண்ணக் கஞ்சிக்கு 30 கிராம் ரவை போட்டால் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. டின்னில் வருகிற கோதுமைக் கஞ்சியில் இரும்பு நிறைய இருக்கிறதே என்று அண்ணி கேட்டார். இருக்கிறது, அது ஆலையில் சேர்த்த இரும்பு. நாங்கள் வாங்குகிற பொட்டலத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

குப்பைக்குப் போகிற தோலைப் பாருங்கள். சுட்ட உருளைக்கிழங்கின் தோலை மட்டும் எடுத்தால் 100 கிராமில் இரும்பு 7 மில்லிகிராம், நார்ச்சத்து 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உள்ளே இருக்கிற சதையிலோ இரும்பு அரை மில்லிகிராம்கூட இல்லை. யாரும் ஒரு வேளைக்கு 100 கிராம் தோலைத் தின்னப்போவதில்லை, தெரியும். மாத்திரையை விட்டுவிட்டுத் தோலைத் தின்னச் சொல்லவும் இல்லை. பச்சை படர்ந்த கிழங்கையும் முளைவிட்டதையும் தூக்கிப் போடத்தான் வேண்டும். அவற்றில் இருக்கிற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஆனால் நல்ல கிழங்கின் தோலை ஏன் எறிய வேண்டும்?

அம்மாவிடம் கேட்டேன். "தோலோட வச்சா வீட்டுக்கு வந்தவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. அம்மா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் பிறந்தவர். பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர். இருட்டோடு பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுப்புக்கு) ஓடி, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த அவருக்கு வெள்ளைச் சோறும் வெள்ளை ரவையும்தான் வசதியின் அடையாளம். காய்ச்சல் வந்த பிள்ளைக்குத்தான் ரவைக் கஞ்சி கிடைக்கும். தோல் என்றால், வசதி இல்லாதவன் சாப்பாடு. அந்த நினைப்பு அம்மாவோடு தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஆனால் மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இரத்தசோகை. அந்த மூவரில் ஒருத்தி என் வீட்டில், கஞ்சி குடித்த கையோடு தேத்தண்ணியும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேத்தண்ணி இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்றாலும் கேட்பதில்லை.

நேற்று நானே கிழங்கைப் பிரஷ் போட்டு மண் போகத் தேய்த்து, தோலோடு வேகவைத்துப் பெரட்டல் செய்தேன். தங்கச்சி இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அம்மாவும் சாப்பிட்டார். தட்டைக் கழுவ எடுத்தபோது பார்த்தேன், தோலையெல்லாம் உரித்து ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார்.