கல்லை நகர்த்தினா காக்கா என்ன பண்ணும்?

போன மாசம் எங்க சர்வே கேம்ப்ல ஒரு கூத்து. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல எவனோ ஒரு புண்ணியவான் ரேஞ்சிங் ராடைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி நட்டுட்டான். அன்னிக்கு எடுத்த ரீடிங் மொத்தமும் அம்பேல்!

இதே குறும்பை ஒரு பறவைகிட்ட செஞ்சு பார்த்திருக்கார் ஸ்டீபன் வேண்டர் வால். பறவை பேரு கிளார்க்ஸ் நட்கிராக்கர். காக்கா குடும்பம்தான், ஆனா உடம்பு சாம்பல் நிறம், ரெக்கைதான் கறுப்பு. வட அமெரிக்காவோட மேற்கு மலைகள்ல, பனி கொட்டுற உயரத்துல குடித்தனம். அது விதைகளை மண்ணுல புதைச்ச பிறகு, பக்கத்துல இருந்த பொருட்களை எல்லாம் 20 சென்டிமீட்டர் நகர்த்தி வெச்சார். திரும்பி வந்த நட்கிராக்கர் கரெக்டா 20 சென்டிமீட்டர் தள்ளித் தோண்டி ஏமாந்துச்சு! 1982-ல் வெளியான ஆராய்ச்சி இது. ஆக, பார்ட்டி மோப்பம் பிடிக்கலை. கல்லையும் கட்டையையும் அடையாளமா வெச்சு சர்வே பண்ணுது.

நாக்குக்கு அடியில ஒரு பை இருக்கு. அதுல பைன் விதைகளை அடைச்சுட்டுப் பறந்து, ஒரு குழிக்கு நாலஞ்சா புதைக்கும். ஒரு சீசன்ல பல்லாயிரம் விதை! மாசக்கணக்கா பனி மூடிக் கிடந்தாலும் தோண்டி எடுத்துடும். புதைச்ச இடம் புதைச்சவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால முட்டை மேல அப்பாவும் உட்காருவார், அம்மா தன்னோட ஸ்டாக்கைத் தேடிப் போகணுமே! (நம்ம அப்பாக்கள் கவனிக்க.)

தேவைக்கு மேலேயே புதைக்கிறதால நிறைய மிச்சமாகும். அந்த மிச்சம்தான் காடு. அங்கே ஒயிட்பார்க் பைன்னு ஒரு மரம். அதோட கூம்பு தானா விரியாது, விதைக்குக் காத்துல பறக்க ரெக்கையும் கிடையாது. நட்கிராக்கர் வந்து உடைச்சு, எடுத்துட்டுப் போய்ப் புதைச்சாதான் அடுத்த தலைமுறை.

இப்போ அந்த மரத்துக்குத்தான் ஆபத்து. 1900-களோட ஆரம்பத்துல வெளிநாட்டு நாற்றுகளோட வந்த ஒரு பூஞ்சை நோய், கூடவே பட்டை துளைக்கிற வண்டு, காட்டுத் தீ, வெப்பம். 2022 டிசம்பர்ல அமெரிக்க அரசு இந்த மரத்தை அழியும் அபாயப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. காய் குறைஞ்சா நட்கிராக்கர் வேற பைன் காட்டுக்குப் பறந்துடும். மரம் எங்கே பாஸ் போகும்? தோட்டக்காரன் வராத மலையில, தப்பிப் பிழைச்ச மரத்தோட விதையும் கூம்புக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். புதுசா ஒரு கன்னு முளைச்சாலும் காய்க்க இருபது, முப்பது வருஷம் ஆகும்.

அதான் வனத்துறை ஆட்களே நாற்று வளர்த்து நடுறாங்க. நோயைத் தாங்குற மரங்களாப் பார்த்து, கோடையில உச்சி வரைக்கும் ஏறி, ஒவ்வொரு கூம்புக் கொத்துக்கும் கம்பிவலைக் கூண்டு மாட்டுறாங்க. யார்கிட்ட இருந்து காப்பாத்தவாம்?

சாட்சாத் நம்ம நட்கிராக்கர்கிட்ட இருந்துதான்!