சபையை மூடியவர் யார்?

மதத்தை முன்வைத்து அரசியல் நடத்தும் கட்சிகள் தேர்தல் களத்திலே புகுந்தால் ஜனநாயகம் பிழைக்காது என்று ஒரு சாரார் கூறுகின்றனர். ஜனநாயகம் மேல்நாட்டார் தந்த சரக்கு, இஸ்லாத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். கண்டால் முகம் திருப்பிக்கொள்ளும் இவ்விரு சாராரும் இறுதியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே. வறுமையிலிருந்து மீள முயலும் முஸ்லிம் நாடுகளின் மக்களுக்கு வாக்குச்சீட்டு ஏற்றதல்ல என்பதே அது. இம்முடிபை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதை இந்தோனீஷியாவின் வரலாற்றைக் கொண்டே கூற விரும்புகிறோம்.

1945ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், ஒன்பது பேர் கொண்ட குழுவொன்று பிறக்கவிருந்த குடியரசின் அரசியலமைப்புக்கு முகவுரை வகுத்தது. ஜகார்த்தா சாசனம் எனப் பெயர் பெற்ற அதிலே, இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமை உடையவர் என்று பொருள்படும் ஏழு சொற்கள் இடம்பெற்றன. ஆகஸ்ட் 17ஆம் நாள் சுதந்திரப் பிரகடனம் நிகழ்ந்தது. கிழக்குத் தீவுகளில் வாழும் கிறிஸ்தவர்கள் அச்சொற்களை ஏற்கமாட்டார்கள் என்பதை மறுநாளே ஹத்தா முஸ்லிம் தலைவர்கள் முன் வைத்தார். முஹம்மதியா இயக்கத் தலைவர் கீ பாகுஸ் ஹாதிகுசுமோ அச்சொற்களில் உறுதியாக நின்றவர். ஆயினும் அவரும் இறுதியில் இணங்கினார். ஏழு சொற்களும் நீக்கப்பட்டன. ஜனாதிபதி முஸ்லிமாக இருத்தல் வேண்டும் என்ற வாசகமும் நீக்கப்பட்டது. எண்ணிக்கையிலே மிக்கோர், எண்ணிக்கையிலே குறைந்தோரின் அச்சத்தை மதித்து விட்டுக்கொடுத்த செயல் அது. வலிமை உள்ளவன் விட்டுக்கொடுப்பதைக் கோழைத்தனம் என்று எவர் கூறுவார்?

விட்டுக்கொடுத்தவர்கள் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். மக்கள் தெரிவு செய்யும் அரசியல் நிர்ணய சபையிலே அதனை மீண்டும் எடுத்துரைக்கலாம் என்று காத்திருந்தனர். இஸ்லாமியக் கட்சிகளுள் முதன்மையான மஸ்யூமியின் தலைவர் முகம்மது நாத்சிர் 1950இல் பிரதமராகப் பதவியேற்றார். கலந்தாலோசித்துக் கருமம் ஆற்றுக என்று திருக்குர்ஆன் பணிக்கும் 'ஷூரா' என்ற நெறியிலே மக்களாட்சியின் வேரைக் கண்டவர் அவர். மறைநூல் தீர்த்துவைத்த விஷயங்கள் வாக்கெடுப்புக்கு உரியனவல்ல. ஏனைய யாவும் மக்கள் பிரதிநிதிகளின் ஆலோசனைக்கு உரியன என்பது அவர் கொண்ட நிலை. இதிலே ஒரு சிக்கல் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. தீர்த்துவைக்கப்பட்டது எது, எஞ்சியிருப்பது எது என்று தீர்மானிப்பவர் யார்? அறிஞரா, ஆட்சியாளரா, மக்களா? இவ்வினாவை வாளால் அறுக்க முடியாது. திறந்த சபையிலே, எதிர்ப்போரும் அமர்ந்திருக்க, பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அப்படிப் பேசுவதற்கு மக்கள் அனுமதி தந்தார்கள். 1955 செப்டெம்பர் 29ஆம் நாள் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் 3 கோடி 77 இலட்சத்துக்கு மேற்பட்ட செல்லுபடியான வாக்குகள் விழுந்தன. அத்தேர்தலின்போது பிரதமராக இருந்தவர் மஸ்யூமிக் கட்சியின் புர்ஹானுத்தீன் ஹராஹாப். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள் காளைத் தலையையும், பிறையும் நட்சத்திரமும் கொண்ட சின்னத்தையும், உலக உருண்டையையும், அரிவாள் சுத்தியலையும் அடையாளங் கண்டு அமைதியாக வாக்களித்தனர். தேசியக் கட்சி 22 வீதத்துக்குச் சற்று மேலும், மஸ்யூமி ஏறக்குறைய 21 வீதமும், நஹ்ததுல் உலமா 18 வீதத்துக்கு மேலும், கம்யூனிஸ்ட் கட்சி 16 வீதத்துக்கு மேலும் பெற்றன. தன் கட்சி முதலிடத்தைப் பெறவில்லை என்பதற்காகப் பிரதமர் ஹராஹாப் தேர்தல் முடிவைக் கிழித்தெறிந்தாரா? இல்லை. சில மாதங்களில் அவர் பதவி நீங்கினார்; வேறொருவர் மந்திரிசபை அமைத்தார்.

அவ்வாண்டு டிசெம்பரில் தெரிவான அரசியல் நிர்ணய சபை 1956 நவம்பர் முதல் பாண்டுங் நகரிலே கூடியது. அரசின் அடிப்படை இஸ்லாமா, பஞ்சசீலம் எனப்படும் ஐந்து கொள்கைகளா என்ற வாதம் அங்கே கடுமையாக நடந்தது. 1959இல், 1945ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கே திரும்ப வேண்டும் என்று ஜனாதிபதி சுகர்ணோ வற்புறுத்தினார். அந்த ஏழு சொற்களையும் அதில் சேர்க்குமாறு இஸ்லாமியக் கட்சிகள் கொணர்ந்த திருத்தம் தோற்றது. அதன்பின் சுகர்ணோவின் யோசனையும், மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தும், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெறவில்லை.

சபை தோற்றுவிட்டது, மதவாதிகளின் பிடிவாதம் நாட்டை முடக்கிவிட்டது என்று அன்று பறை சாற்றினார்கள். உண்மை அதுவன்று. மனித உரிமைகள், ஆட்சியாளரின் அதிகார வரம்பு ஆகிய விஷயங்களில் அச்சபை பெரும் பகுதி வேலையை முடித்திருந்தது என்பதை வழக்கறிஞர் அட்னான் புயுங் நசுத்தியோன் பின்னாளில் விரிவாக ஆராய்ந்து நிறுவினார். முடியாதிருந்தது ஒரு வினா மட்டுமே. அதற்காக 1959 ஜூலை 5ஆம் நாள் சுகர்ணோ ஒரு கட்டளையால் சபையையே கலைத்தார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது. மறு ஆண்டு தெரிவு செய்யப்பட்ட பாராளுமன்றமும் போயிற்று. நியமன உறுப்பினர்கள் அதன் ஆசனங்களிலே அமர்ந்தனர். மஸ்யூமி தடை செய்யப்பட்டது. இதைக் கண்டித்து ஹத்தா எழுதிய கட்டுரையை வெளியிட்ட முஸ்லிம் சஞ்சிகையும் முடக்கப்பட்டது. 1963இல் சுகர்ணோ ஆயுட்கால ஜனாதிபதி ஆனார்.

மஸ்யூமித் தலைவர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் வாதாடவில்லை. 1958இல் சுமாத்திராவில் எழுந்த கிளர்ச்சி அரசாங்கத்தில் நாத்சிர் சேர்ந்தது பெருந்தவறு. தடைக்கு அது சாட்டாயிற்று. 1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று கூறப்பட்ட இலட்சக்கணக்கானோரை இராணுவம் கொன்று குவித்தபோது, முஸ்லிம் இளைஞர் அமைப்புகள் அக்கொடுமையில் பங்கு கொண்டன. அந்தக் கறை எளிதில் கழுவப்படுவதன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாண்டுங் சபையிலே கம்யூனிஸ்டும் உலமாவும் ஒரே கூரையின்கீழ் இருந்து சொல்லால் மோதினர். சபை மூடிய ஆறாண்டுகளில் சொல் இருந்த இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டது. அந்தத் துப்பாக்கியின் நிழலிலே சுஹார்த்தோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார்.

1998 மே மாதம் அவர் வீழ்ந்தார். 1999இல் 48 கட்சிகள் தேர்தலில் நின்றன. நஹ்ததுல் உலமாவின் தலைவராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித் ஜனாதிபதியானார். சீன வமிசத்தவரின் பண்பாட்டு விழாக்களுக்கு 1967 முதல் இருந்த தடையை 2000ஆம் ஆண்டில் நீக்கியவர் இந்த மார்க்க அறிஞரே. 2002இல் அந்த ஏழு சொற்களை மீண்டும் அரசியலமைப்பிலே புகுத்தச் சில கட்சிகள் முயன்றன. நஹ்ததுல் உலமா, முஹம்மதியா ஆகிய இரு பேரியக்கங்களின் தலைவர்களும் அதனை எதிர்த்தனர், முயற்சி கைகூடவில்லை. சுகர்ணோ கட்டளையிட்டுத் தீர்க்க நினைத்த வழக்கை, கட்டளை ஏதுமின்றி, மக்கள் பிரதிநிதிகளின் சபை தீர்த்து வைத்தது.

இத்துடன் எல்லாம் இனிதே முடிந்தது என்று கூறுவதற்கில்லை. அச்சே மாகாணத்தில் ஷரீஅத் சட்டத்தின் பெயரால் பகிரங்கமாகப் பிரம்படி கொடுக்கப்பட்டிருக்கிறது. 1965இல் பிறந்த மத நிந்தனைச் சட்டத்தின் துணைகொண்டு, ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் பாசுக்கி ச்சஹாயா பூர்ணமாவுக்கு 2017இல் ஈராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தலைகளை எண்ணுவது மட்டும் ஜனநாயகம் ஆகாது. எண்ணிக்கையிலே தோற்றவனும் அச்சமின்றி உறங்க முடிந்தால்தான் அது ஜனநாயகம். 1945 ஆகஸ்ட் 18ஆம் நாள் தலைவர்கள் உணர்ந்த இந்த உண்மையை அவர்களின் வழிவந்தோர் மறத்தல் ஆகாது.

மதத்தைக் காட்டி ஜனநாயகத்துக்கு அஞ்சுவோரை நாம் கேட்கிறோம்: பாண்டுங் சபையின் கதவைச் சாத்திய கை எது? மௌலவியின் கையா? தேசத்தின் ஐக்கியம், அமைதி, முன்னேற்றம் என்று முழங்கியவர்களின் கையல்லவா? வளரும் நாடுகளுக்கு வாதத்திலே காலம் போக்க வசதியில்லை என்று எந்த ஆட்சியாளர் கூறினாலும், அவர் அடுத்து நீட்டுவது பூட்டும் திறப்புமே என்பதை மக்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இறைவனுக்கே ஆட்சி உரியது என்று நம்புவோரும் பேசட்டும். மக்களுக்கே உரியது என்போரும் பேசட்டும். பேச்சு நீளலாம்; தலைமுறை கடந்தும் நீளலாம். அதனால் நாடு அழியாது. பேச்சை நிறுத்த ஒரு மனிதனுக்கு அதிகாரம் கொடுத்த நாளிலேதான் அழிவு தொடங்குகிறது.