காலாவதியானது தேற்றம் அல்ல

'கேப் தேற்றம் காலாவதியாகிவிட்டது' என்று சென்ற இதழில் அடித்துச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். ஆதாரம் கூகுளின் ஸ்பேனர் டேட்டாபேஸ். உலகம் முழுக்கப் பரவிக் கிடந்தும் எங்கே கேட்டாலும் ஒரே தரவைத் தருகிறதாம், படுப்பதே இல்லையாம். ஆகவே தேற்றம் பொய்யாம்.

தேற்றத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கலாம். 2000இல் எரிக் புரூவர் ஊகமாக முன்வைத்தார்; 2002இல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்தார்கள். நெட்வொர்க் இரண்டாக அறுந்த நேரத்தில், இரு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், பதில்கள் முரண்படவும் கூடாது என்றால் நடக்காது. அது சொல்வது அவ்வளவுதான். அறுவது அபூர்வம் என்பது இதற்கு மறுப்பே அல்ல. கூகுள் தன் சொந்த நெட்வொர்க்கைக் கட்டி அறுபடுவதைக் குறைத்தது. அறுந்தால், பெரும்பான்மைப் பிரதிகளை இழந்த பக்கம் வாயை மூடிக்கொள்ளும். இதை 2017இல் எழுதியவர் யார் தெரியுமா? அப்போது கூகுளில் வேலை பார்த்த அதே புரூவர். நம்மவர் கூண்டில் ஏற்றிய சாட்சியே எதிர்த்தரப்புக்குப் பேசுகிறது!

'இந்தக் காலத்தில் நெட்வொர்க் எங்கே அறுகிறது?' என்றும் கேட்கிறார். 2018 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஆப்டிக்கல் கருவி ஒன்றை மாற்றும்போது நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்புக்கு இணைப்பு போனது. வெறும் 43 வினாடி. அதற்குள் தானியங்கி மென்பொருள் மேற்குக் கரை டேட்டாபேஸைத் தலைமையாக்கிவிட்டது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்ட சில வினாடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதிய தரவு விழ ஆரம்பித்துவிட்டது. தரவை இழக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து மீட்டதில் 24 மணி 11 நிமிடம் சேவை தள்ளாடியது. கிட்ஹப் பொறியாளர்களிடம் போய்ச் சொல்லட்டும், தேற்றம் காலாவதி என்று.

1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் நிரூபித்ததை, கணினிகளை ஒரே முடிவுக்குக் கொண்டுவரும் பேக்ஸாஸ் முறை முறியடித்துவிட்டது என்பது அடுத்த புளுகு. செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும் என்ற வரம்பே இல்லாத இடத்தில், பதில் தராத கணினி செத்துவிட்டதா, தாமதிக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது; ஆகவே கணினிகள் ஒரே முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தர முடியாது என்பதே அந்த நிரூபணம். பேக்ஸாஸ் முரண்பட்ட முடிவு எடுக்காது. முடிவெடுத்தே தீரும் என்று மட்டும் வாக்குத் தராது. விட்டுக்கொடுத்ததை வெற்றி என்கிறார்.

தாமதமே ஒழியும் என்ற அவருடைய கனவுக்கு ஒரு கணக்கு போதும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. நியூயார்க்–லண்டன் சுமார் 5,500 கி.மீ. போய்வர 55 மில்லிவினாடி. இதில் தள்ளுபடி கிடையாது.

இளம் பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை: இவரை நம்பி யாருடைய வங்கிக் கணக்கிலும் கை வைக்காதீர்கள். நெட்வொர்க் அறுந்தால் எதைக் கைவிடும் என்று டேட்டாபேஸ் விற்பவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.