வெயில் மட்டும் போதுமா?



பாசியிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுக்கலாம் என்பது நமக்குத் தெரியும். அதை நம் நாட்டில் எங்கே வளர்ப்பது? அறிவியல் மன்றக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தபோது பலரும், "ராஜஸ்தான் பாலைவனம்தான். வெயில் கொளுத்துது, நிலமும் சும்மா கிடக்குது" என்றார்கள். நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். இப்போது அந்தக் கையை இறக்கிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்காக ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடத்தியது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்ற ஊரில், தலா 1,000 சதுர மீட்டரில் குளங்கள் அமைத்தார்கள். வறண்ட ஊர், வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. சில நாட்களில் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் வரைகூட பாசி விளைந்தது. ஆனால் சராசரி அதில் பாதிகூட வரவில்லை. முக்கியக் காரணம் குளிர்! பாசிக் குளத்தின் ஆழம் 15 முதல் 30 செ.மீ.தான். ராத்திரி சீக்கிரம் சில்லிட்டுப் போகும். காலையில் வெயில் வந்தாலும் தண்ணீர் சூடேறும்வரை பாசி மந்தமாகவே இருக்கும். ராஜஸ்தானிலும் மார்கழி, தை ராத்திரிகள் கடுங்குளிர்தானே?

ஆகவே வெயிலோடு இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும். ராத்திரியும் வெதுவெதுப்பா இருக்குமா? யாரும் குடிக்காத தண்ணீர் கிடைக்குமா? கரியமில வாயு பக்கத்தில் கிடைக்குமா? (ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு சுமார் 1.8 கிலோ வேண்டும்.) கடைசியாக, அந்த நிலத்தை நம்பி யார் பிழைக்கிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு நம்ம தூத்துக்குடிக் கடற்கரை நல்ல பதில் சொல்கிறது என்பது என் கருத்து. இங்கே குளிர்காலம் என்று ஒன்று பெயருக்குத்தான். தண்ணீருக்குக் கடல் இருக்கிறது. வரப்பு, வாய்க்காலோடு சமப்படுத்திய உப்பளப் பாத்திகள் இருக்கின்றன. கரியமில வாயுவுக்கு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் இருக்கின்றன. புகையிலிருந்து அந்த வாயுவைப் பிரிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். 2016-லேயே இங்குள்ள ஒரு ரசாயன ஆலையில் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து பிரித்து, சோடா உப்பு தயாரிக்கப் பயன்படுத்தினார்கள்.

குறையே இல்லையா? இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதை மறக்க முடியுமா? அப்படி மழை பெய்தால் குளம் நிரம்பி வழியும், பாசியும் கடலுக்குப் போய்விடும். அதனால் உப்புத் தொழில் மாதிரியே ஐப்பசி, கார்த்திகையில் ஓய்வு விடத்தான் வேண்டும். கோடையில் இதற்கு நேர்மாறு. தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும். அதைக் குறைக்கத் தாமிரபரணியில் கை வைக்கவே கூடாது! உப்பு ஏறிய தண்ணீரை வடிகட்டி உப்பளத்துக்கே விட்டுவிட்டு, புதுக் கடல்நீர் பாய்ச்சலாம்.

"எக்ஸான்மொபில் கம்பெனியே 2009-ல் ஆரம்பித்த பாசி ஆராய்ச்சிக்குப் பணம் போடுவதை நிறுத்திட்டாங்களே, நமக்கு எதுக்கு?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பாசி எண்ணெய் இன்னும் பெட்ரோலைவிட விலை அதிகம்தான். ஆனால் தண்ணீரைத் தூரத்திலிருந்து இறைத்து, வாயுவை லாரியில் கொண்டுவந்தால் செலவு இன்னும் ஏறும். அதனால்தான் இடத்தேர்வு முதல் வேலை என்கிறேன்.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பெரிசு. காலில் புண்ணோடும் கண்ணில் வெயில் எரிச்சலோடும் உப்பு வாருகிறவர்கள் நம் வகுப்பிலேயே பலருக்கு அம்மா, அப்பா. பாசி வருகிறது என்று அவர்கள் பாத்தியைப் பிடுங்கினால், அது எனக்கு வேண்டவே வேண்டாம். உப்பு எடுக்காமல் விட்ட பாத்திகளில் மட்டும் வளர்க்கட்டும். அலையாத்தி மரங்கள் நிற்கும் இடத்தைத் தொட வேண்டாம். வேலையை முதலில் உப்பளத்துக்காரர்களுக்கே கொடுக்கட்டும். பாத்தி கட்டவும் தண்ணீர் பாய்ச்சவும் அவர்களைவிடத் தெரிந்தவர்கள் யார்?

'சும்மா கிடக்கும் நிலம்' என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நேரில் போய்ப் பார்த்தால்தான் அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியும்.

சிந்திப்போம் நண்பர்களே! மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள்.

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்