வண்டி நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வரட்டும்: ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்து மக்களின் கொள்கைப் பிரகடனம்

இந்தியச் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில் பிறக்கிறது. டி.வி.எஸ். ஐகியூப் ஓசூரிலிருந்து போகிறது. ஏத்தர் தன் தொழிற்சாலையைப் பெங்களூரிலிருந்து ஓசூருக்குக் கொண்டுவந்து 2021-இல் உற்பத்தியைத் தொடங்கியது. போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா நிற்கிறது. சூளகிரியில் 2023 ஜனவரியில் சிம்பிள் எனர்ஜி வந்தது. இந்த வண்டிகளுக்கு வயர் இழுத்து, பேட்டரி பொருத்தி, சோதித்து லாரியில் ஏற்றுகிறவர்கள் நாங்கள். ஷிப்ட் முடிந்து ரூமுக்குத் திரும்பியதும் அதே வண்டியை எங்கே சார்ஜ் போடுவது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

2020 ஜனவரியில் ஐகியூப் அறிமுகமானபோது முதலில் விற்பனைக்கு வந்த ஊர் பெங்களூர். ஓசூரில் செய்த வண்டி ஓசூரில் கிடைக்கவில்லை. அது கம்பெனியின் வியாபாரக் கணக்கு, அதில் நாங்கள் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரசின் கணக்கைத்தான் கேட்கிறோம். 2023 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக வளர்க்கப்போவதாகச் சொன்னது: சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. 50,000 கோடி ரூபாய் முதலீடும் ஒன்றரை லட்சம் வேலைவாய்ப்பும் அதே கொள்கையின் இலக்குகள். அந்த முதலீடு வந்து இறங்கும் இடங்களில் முன்வரிசையில் நிற்கும் ஓசூரின் பெயர் அந்த ஆறில் இல்லை. தயாரிக்கத் தகுந்த ஊர், ஓட்டத் தகுந்த ஊர் இல்லை போலும். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரட்டும், மகிழ்ச்சி. எங்களுக்கு அதற்கு முன்பாக ஒரு சாக்கெட் வேண்டும்.

யார் இந்த நாங்கள்? சிப்காட் தொழிலாளர்கள், பாகலூர் ரோட்டிலும் மூக்கண்டப்பள்ளியிலும் வாடகைக்கு இருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தளி, பேரிகைப் பக்கத்திலிருந்து ரோஜாக் கட்டுகளை விடியலில் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், ஜூஜூவாடியைத் தாண்டி தினமும் அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்கள். வீட்டு ஓனர்களும் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் இந்தப் பிரச்சினை தீராது என்பதால் அவர்களைத் தேடிப்போய்ச் சேர்த்தோம்.

சார்ஜிங் நிலையம் என்றதும் எல்லோர் கண்ணுக்கும் நெடுஞ்சாலை ஓட்டல்தான் தெரிகிறது. பெங்களூரிலிருந்து சென்னைக்கோ சேலத்துக்கோ போகிற கார், கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கு முன்போ பின்போ நிற்கிறது. குடும்பம் உள்ளே தோசை சாப்பிடுகிறது, வெளியே வண்டி சார்ஜ் ஏறுகிறது. அந்தச் சௌகரியம் அவர்களுக்கு இருக்கட்டும். ஆனால் ஊருக்கான திட்டமே அந்தக் காரை மனத்தில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டு நெறிமுறைகளைப் பாருங்கள்: 2030-க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிலையம், நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று, இரு பக்கமும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோமீட்டர். பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ வைத்துவிட்டால் சாலைக் கணக்கு முடிந்துவிடும். ஊருக்குள்ளே கட்டம் போட்டு எண்ணினால், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியே வரும் சிப்காட் சதுரமும் புல் முளைத்துக் கிடக்கும் காலிமனைச் சதுரமும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த அளவுகோல் நிலத்தை அளக்கிறது, அதன்மேல் இருக்கும் ஆட்களை அளக்கவில்லை.

எங்கள் முதல் கொள்கை இதிலிருந்து வருகிறது: வண்டி எங்கே நெடுநேரம் நிற்கிறதோ அங்கேதான் மின்சாரம் வேண்டும். பெட்ரோல் பங்க்கைப் போல வழியில் நின்று நிரப்பிக்கொண்டு போகும் வழக்கத்தை மின்வண்டிக்கும் மாட்டிவிட்டதில்தான் முதல் கோளாறு. ஸ்கூட்டர் இரவில் எட்டு மணி நேரம் வாசலில் நிற்கிறது. பகலில் எட்டு மணி நேரம் கம்பெனி ஸ்டாண்டில் நிற்கிறது. சாதாரண வீட்டுச் சார்ஜர் இழுப்பது முக்கால் கிலோவாட் அளவுதான். நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரு காருக்கு வைக்கும் 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜருக்கு ஒதுக்கும் லோடில் 80 ஸ்கூட்டர்கள் நிதானமாக சார்ஜ் ஏறலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். கூரை, எர்த் சரியாகப் போட்ட சாக்கெட், ஒரு மீட்டர், ஒரு காவலாளி போதும். ஓசூர் பஸ் ஸ்டாண்டு டூவீலர் ஸ்டாண்டிலும் கிருஷ்ணகிரி ஸ்டாண்டிலும் உழவர் சந்தை வாசலிலும் இதைச் செய்யத் தடையாக இருப்பது, இதை யாரும் சார்ஜிங் நிலையம் என்று நினைக்காததுதான்.

வாடகை வீட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 90 யூனிட் ஆகிறது. இலவசத்தில் பெரும்பகுதியை வண்டியே சாப்பிட்டுவிடும், விளக்கும் மின்விசிறியும் அடுத்த ஸ்லாபுக்குப் போகும். இது தனி மீட்டர் உள்ள வீட்டின் கதை. எங்களில் பலர் இருப்பது லைன் வீடுகளில். ஒரே இணைப்பிலிருந்து நாலைந்து ரூமுக்கு சப்-மீட்டர், ஓனர் சொன்னதே ரேட். சில காம்பவுண்டுகளில் ‘கரண்ட் வண்டி கூடாது’ என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். ஓனரைத் திட்டி ஆகப்போவது எதுவும் இல்லை. பழைய வயரிங்கில் ஆறு வண்டி ஒரே நேரத்தில் ஏறினால் ஃபியூஸ் போகும் என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சட்டம் எங்களைப் பார்க்காமலே கடந்துபோகிறது. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, மின்வண்டி சார்ஜ் போடத் தனி இணைப்பு கேட்கலாம். புது இணைப்பைப் பெருநகரம் அல்லாத நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும் கிராமத்தில் 15 நாளிலும் தர வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நடைமுறையில் யாரால் எளிதாக விண்ணப்பிக்க முடியும்? மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரால். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து மூன்று பேர் சேர்ந்து ரூம் எடுத்திருப்பவர்கள் பெயரில் எந்த இணைப்பும் இல்லை. ஆகவே கோருகிறோம்: ஆறு குடித்தனத்துக்கு மேல் உள்ள வாடகைக் காம்பவுண்டில் பொதுச் சார்ஜிங்குக்குத் தனி மீட்டர் போடும் ஓனருக்குச் சொத்துவரியில் தள்ளுபடி, வயரிங் பரிசோதனையை மின்வாரியம் இலவசமாகச் செய்து தர வேண்டும், அந்த மீட்டரின் யூனிட் விலை சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டெல்லியில் 2021-இல் தனியார் இடங்களில் சார்ஜர் பொருத்துகிறவர்களுக்கு மானியம் கொடுத்து ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கினார்கள். கேரள மின்வாரியம் அதே ஆண்டு கோழிக்கோட்டில் 10 மின்கம்பங்களில் ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் சாக்கெட் வைத்துச் சோதித்தது. பிறகு மாநிலம் முழுக்க அப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் வந்தன. கம்பம் ஏற்கெனவே தெருமுனையில் இருக்கிறது, கம்பியும் இருக்கிறது. ஓசூரிலும் இருக்கிறது.

பாதுகாப்பில் எங்களுக்குச் சமரசம் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் தீப்பிடித்துப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு பேட்டரிக்கான தர விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. பேட்டரியைச் சோதிக்கும் அரசு, அது சார்ஜ் ஏறும் மாடிப்படி அடியையும் கூடத்து மூலையையும் யார் சோதிப்பது என்று சொல்லவில்லை. பொது இடத்தில் சாக்கெட் இல்லாதவர்கள்தான் கதவுக்குள்ளே சார்ஜ் போடுகிறார்கள். எனவே திறந்த வெளியில் கூரையடியில் சாக்கெட் கேட்பதைச் சௌகரியக் கோரிக்கையாக மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பிளக். ஏத்தர் வடிவமைத்த சார்ஜிங் பிளக் 2023-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரமாக ஏற்கப்பட்டது. ஹீரோவின் விடா வண்டியும் அதையே பயன்படுத்துகிறது. ஓலாவின் ஹைப்பர்சார்ஜருக்குப் பிளக் வேறு. ஒரே மாவட்டத்தில் செய்யும் இரண்டு வண்டிகளில், ஒன்றின் ஃபாஸ்ட் சார்ஜரில் மற்றது சார்ஜ் ஏற முடியாது. கம்பெனிகள் தங்கள் காசில், தங்கள் இடத்தில் எந்தப் பிளக்கை வேண்டுமானாலும் வைக்கட்டும். மாநகராட்சி நிலத்திலோ, ஊராட்சி நிலத்திலோ, அரசு மானியத்திலோ வைத்தால் எந்த வண்டியும் ஏறும்படி இருக்க வேண்டும். காசு கொடுக்க யு.பி.ஐ. போதும், கடைக்குக் கடை ஒரு ஆப் இறக்கிக்கொண்டிருக்க எங்கள் போனில் இடமில்லை.

இடத்தை யார் முடிவு செய்வது என்பதில்தான் அதிகாரிகளோடு எங்களுக்கு நீண்ட சண்டை வரப்போகிறது. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள்: கார்களுக்கு 22,100 சார்ஜர், பஸ்களுக்கு 1,800, இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 48,400. ஆக, டெல்லியில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கே எந்த வண்டி அதிகம் என்பது தெரிந்திருக்கிறது. இதில் எங்கள் மாவட்டத்துக்குக் கேட்கப்படும் இடங்களின் பட்டியல், டெண்டர் போவதற்கு முன்பு வார்டு கமிட்டியிலும் ஏரியா சபையிலும் கிராம சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். எந்த டிரான்ஸ்ஃபார்மரில் எவ்வளவு லோடு மிச்சம் இருக்கிறது என்பதை மின்வாரியம் பகுதிவாரியாக ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி நாங்களே ஒட்டுவோம். ஓசூர் வளர்ச்சிக்கான முழுமைத் திட்டத்தில் சாலைக்கும் குடிநீருக்கும் அத்தியாயம் இருப்பதுபோல இதற்கும் ஓர் அத்தியாயம் வேண்டும்.

அந்தக் கூட்டங்களில் நாங்கள் எதிர்க்கப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறோம். தள்ளுவண்டிக்காரரை எழுப்பிவிட்டு அந்த நடைபாதையில் சார்ஜர் வைத்தால் எதிர்ப்போம். ஏரிக்கரையைச் சுத்தமான ஆற்றலின் பெயரால் சமன் செய்தாலும் எதிர்ப்போம். திறப்பு விழாவுக்குப் பிறகு ஆறு மாதத்தில் திரை அணைந்து நிற்கும் சார்ஜரை வைத்த நிறுவனத்துக்கு அடுத்த இடம் கொடுத்தாலும்தான். அணைந்த சார்ஜரை நம்பி வந்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு அவர் வந்திருக்கவே மாட்டார். பராமரிப்பை உள்ளூர் எலெக்ட்ரீஷியன்களுக்கும் ஐ.டி.ஐ. முடித்த பெண்களுக்கும் கொடுங்கள். போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் பெண்கள் வண்டியையே கட்டுகிறார்கள். சார்ஜரைப் பழுது பார்க்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லை எங்களுக்கு நிலவரைபடத்தில் இருக்கும் கோடு மட்டும் இல்லை. டீசல் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் டேங்க் நிரப்பிப் பழகிய ஊர் இது. மின்சாரத்துக்கும் அதுவே நடக்கும். நாட்டிலேயே பொதுச் சார்ஜிங் நிலையங்கள் அதிகம் உள்ள மாநிலம் கர்நாடகம், அதிலும் பெரும்பகுதி பெங்களூரில். அங்கே வேலை செய்கிறவர் கம்பெனியில் சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறார். இங்கே வேலை செய்கிறவருக்கு அந்த வழி இல்லை. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ வந்துவிட்டது. ஓசூரிலிருந்து ஸ்கூட்டரில் போய் அங்கே விட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்களுக்கு, வண்டி நாள் முழுக்க நிற்கும் இடம் அதுதான். ஓசூர் மாநகராட்சி இதற்காக ஆனேக்கல் தாலுகாவோடும் பெங்களூர் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமோடும் உட்கார்ந்து பேசினால் மாநில உரிமை எதுவும் பறிபோகாது. காவிரியைப் பற்றிப் பேசச் சொல்லவில்லை, பார்க்கிங்கைப் பற்றித்தான்.

எங்களுக்குள் ஒத்துப்போகாத விஷயமும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர்கள் பேட்டரி மாற்றும் நிலையம்தான் வேண்டும் என்கிறார்கள். நாலு மணி நேரம் சார்ஜில் நின்றால் அன்றைய சவாரி போச்சு. தொழிலாளர்களுக்கு அது தேவையில்லை. அஞ்செட்டி மலைச்சாலையில் ஏறி இறங்குகிறவர்கள், கிராமத்து வோல்டேஜ் சரியாகாமல் இதையெல்லாம் பேசுவதே வீண் என்கிறார்கள். மூன்று பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒரே தீர்மானமாக வெட்டி ஒட்டாமல் மூன்றையும் தனித்தனியாக முன்வைக்க முடிவு செய்திருக்கிறோம்.

எந்த வாகனக் கம்பெனியிடமும், சார்ஜர் விற்கும் எந்த நிறுவனத்திடமும் நன்கொடை வாங்க மாட்டோம். எந்தக் கட்சியின் மேடையும் ஏற மாட்டோம். எல்லாக் கட்சி கவுன்சிலரின் வாசலுக்கும் போவோம். உறுப்பினராக மின்வண்டி வைத்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பெட்ரோல் வண்டி ஓட்டுகிறவரும், பஸ்ஸில் போகிறவரும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும் வரலாம். சந்தா கிடையாது. இயக்கத்துக்குப் பெயர் வைப்பதில் இரண்டு கூட்டம் வீணானதால் அதைத் தள்ளிவைத்திருக்கிறோம்.

வருகிற கிராம சபைகளில் ஒரே ஒரு தீர்மானம் கொண்டுவருவோம்: ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, நூலகம் ஆகிய மூன்றின் வாசலிலும் மீட்டரோடு கூடிய 16 ஆம்பியர் சாக்கெட். ஓசூரின் 45 வார்டுகளிலும் கவுன்சிலர்களிடம் கொடுக்க, வண்டிகள் இரவில் நிற்கும் தெருக்களின் பட்டியலை நாங்களே நடந்து எழுதுகிறோம். இந்த அறிக்கை தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் வரும். ரூம்களில் ஒட்டுவதற்கு இந்தியும் ஒடியாவும் எழுதத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.