திரையில் வந்த ஆசிரியர்களும் திரைக்கு வராத உஸ்தாதும்



சினிமாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் திரையரங்கின் வாசலை மிதிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் போதுமானதாக இருந்தது. பின்னர் தொலைக்காட்சிப் பெட்டி நடுவீட்டில் வந்து அமர்ந்தது. இன்றோ கைப்பேசி வடிவில் அது பிள்ளையின் தலையணைக்கு அடியிலேயே கிடக்கிறது. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று அறியாமல் இருப்பதைவிட, பார்த்ததைப் பற்றி அவர்களோடு அமர்ந்து பேசுவது மேல் அன்றோ? ஆகவே இம்மாதம், திரையில் வந்த ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவோம்.

நம் பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருவர். நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு தெருவில் சற்று நின்று பாருங்கள். தூக்கம் கலையாத கண்களோடு, நெஞ்சோடு அணைத்த குர்ஆனுடன், சிறுவர் சிறுமியர் மத்ரஸாவுக்குப் போவார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே பிள்ளைகள் சீருடை அணிந்து, புத்தக மூட்டையைச் சுமந்து பள்ளிக்கூடம் போவார்கள். இந்த இருவரில் ஒருவரைத்தான் திரை அறியும். அறிந்த அவரையும் அது நடத்தியிருக்கும் விதத்தைப் பாருங்கள். நகைச்சுவைக் காட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் குடையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு தமிழ் வாத்தியார் வருவார். அவர் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரிக்கும். காதலுக்கும் ஆசிரியரை இழுத்தார்கள். 1964இல் 'ஆண்டவன் கட்டளை', 1992இல் 'சுந்தர காண்டம்' என்று அந்தக் கதை வெவ்வேறு வேடத்தில் வந்துகொண்டே இருந்தது. அண்மைக் காலத்தில் ஆசிரியர் அடிதடி வீரராகவும் ஆகிவிட்டார். 2021இல் வந்த 'மாஸ்டர்' படத்துப் பேராசிரியர், குடித்துவிட்டுத் தள்ளாடியபடிதான் நமக்கு அறிமுகமாகிறார். அவர் நடத்திய பாடம் என்ன என்று பார்த்த பிள்ளையைக் கேளுங்கள். சண்டைக் காட்சிகளை ஒன்றுவிடாமல் சொல்லும், பாடத்தைச் சொல்லாது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பாலசந்தர் இயக்கிய 'நூற்றுக்கு நூறு' 1971இல் வெளியானது. ஜெய்சங்கர் அதில் கணிதப் பேராசிரியர். மாணவியர் மூவர் அவர்மீது பழி சுமத்துகிறார்கள். நேற்றுவரை வணங்கிய கல்லூரி ஒரே நாளில் அவரை ஏளனமாகப் பார்க்கிறது. இந்தக் கதையைக் கேட்கும் முஸ்லிமுக்கு யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வராமல் போகாது. அங்கே சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். பின்புறம் கிழிந்திருந்தது, உண்மை விளங்கியது. எனினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று குற்றச்சாட்டுகளுமே பொய் என்று படம் முடித்துவிடுவது இன்று பார்க்கையில் எனக்கு உறுத்துகிறது. உண்மையிலேயே தீங்குக்கு ஆளான ஒரு பெண்பிள்ளை வாய் திறக்க எவ்வளவு அஞ்சுவாள் என்பதை நாம் இப்போது அறிவோம். யூசுஃப் நபியின் வரலாற்றில், பழி சொன்னவளின் பேச்சை உடனே நம்பிவிடவும் இல்லை, கேளாமல் தள்ளிவிடவும் இல்லை. சட்டையைப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தில் மாணவராக நடித்த நாகேஷ், 23 ஆண்டுகள் கழித்து 'நம்மவர்' படத்தில் வயதான பேராசிரியராக வந்தார். கதாநாயகர் கமல்ஹாசன்தான். ஆனால் மகளைப் பறிகொடுத்துவிட்டு அவள் உடலருகே சிதறிப்போய் அமர்ந்திருக்கும் அந்த முதியவரைத்தான் பார்த்தவர்கள் மறக்கவில்லை. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவரைத் தேடி வந்தது. ஆசிரியருக்கும் வீடு உண்டு, பெண்மக்கள் உண்டு, உடைந்து போகும் நெஞ்சு உண்டு என்பதை வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளை எங்கே நினைத்துப் பார்க்கிறது?

'வாகை சூட வா' 2011இல் வெளிவந்தது. கதை நடப்பது 1966இல். அரசு வேலைக்கு உதவும் என்ற எண்ணத்தில், செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பங்கள் வாழும் ஒரு குக்கிராமத்துக்குப் பாடம் நடத்த வருகிறான் ஓர் இளைஞன். பிள்ளைகளோ அவனைக் கண்டால் ஓடுகிறார்கள். அவர்களுக்குப் படிப்பு எதற்கு? மண் பிசையவும் கல் அறுக்கவும் கைகள் போதும். ஆனால் கணக்குத் தெரியாத காரணத்தால்தான் தலைமுறை தலைமுறையாகக் கூலியில் ஏமாற்றப்படுகிறோம் என்பது மெல்ல மெல்ல அவர்களுக்கு விளங்குகிறது. எழுத்தும் எண்ணும் விடுதலையின் விலை என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள் அல்லவா? நேற்று வாள் ஏந்தி வந்த பகைவர்தாம் இன்று பிள்ளைகளுக்கு ஆசிரியர்!

இனிப் பெற்றோர் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். ஆர். கே. நாராயண் எழுதிய சுவாமி என்னும் சிறுவனின் கதை, 1980களின் பிற்பகுதியில் 'மால்குடி டேஸ்' தொடரின் வழியே தூர்தர்ஷனில் வீடுதோறும் வந்தது. அக்கதையில் எபனேசர் என்றொரு வேதபாட ஆசிரியர். பிற மதத்தார் வணங்குவதை வகுப்பிலேயே இழித்துப் பேசுவார். பொறுக்க மாட்டாமல் சுவாமி எழுந்து கேள்வி கேட்கிறான், காது திருகப்படுகிறது. வீட்டில் விஷயம் தெரிந்ததும் தந்தை பள்ளிக்கு ஓடிச் சண்டை போடவில்லை. தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி மகனிடம் கொடுத்தனுப்புகிறார். தொப்பிக்காகவும் தலைமுக்காட்டுக்காகவும் வகுப்பில் கேலிக்கு ஆளாகும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதை வீட்டில் சொல்கிறார்கள்? சொன்னால் நாம் என்ன செய்கிறோம்?

இது கற்பனைக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம்முடையதைப் போன்ற மற்றொரு கடற்கரை ஊரில், இராமேஸ்வரத்தில், உண்மையாகவே நடந்ததை அப்துல் கலாம் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பில் தொப்பி அணிந்த அவர், கோயில் குருக்களின் மகன் இராமநாத சாஸ்திரியோடு முன்வரிசையில் அமர்ந்திருந்தார். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பன் அழுதான். செய்தி அறிந்த குருக்கள் இலட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். அவரும் வருந்தி மாறினார். அதே பள்ளியின் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரோ, முஸ்லிம் சிறுவனைத் தம் வீட்டுக்கே உணவுக்கு அழைத்தார். அவருடைய மனைவி பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் சினங்கொள்ளவில்லை. தாமே பரிமாறிப் பக்கத்தில் அமர்ந்து உண்டார். மறு வாரமும் வரச் சொன்னார். அந்த வாரம் அம்மையாரே பரிமாறினார். சண்டைப் பயிற்சியாளர் எவரும் தேவைப்படாத இந்தக் காட்சிக்கு முன், திரையில் நாற்காலிகள் பறக்கும் காட்சிகள் எம்மாத்திரம்!

இத்தகைய உறவு நம் மண்ணுக்குப் புதிதும் அன்று. நம் நாகூரில் 1833இல் பிறந்த குலாம் காதிறு நாவலர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். சைவ மடத்துப் புலவர் ஆசிரியர், நாகூர் முஸ்லிம் மாணவர். இதைப் படமாக எடுத்தால் பார்க்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

தமிழ்த் திரையில் முஸ்லிம் என்றால் பிரியாணிக் கடை பாய், உயிரைக் கொடுக்கும் நண்பர், இல்லாவிட்டால் துப்பாக்கியோடு வருபவர். கரும்பலகை முன் நிற்கும் முஸ்லிம் ஆசிரியர் அரிதினும் அரிது. 2011இல் வெளிவந்த 'ஐ ஆம் கலாம்' என்ற இந்திப் படத்தில், சாலையோர உணவுக் கடையில் எடுபிடி வேலை செய்யும் ஓர் ஏழைச் சிறுவன் தொலைக்காட்சியில் அப்துல் கலாமைப் பார்க்கிறான். அன்று முதல் தன் பெயரும் கலாம் என்கிறான். முகம் பாராத ஆசிரியர், சேராத வகுப்பு. கலாம் அவர்களும் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார்.

அப்படியானால் அலிஃபும் பாவும் நாவில் வைத்துத் தந்த நம் உஸ்தாது? அவரைத் திரை காட்டவில்லை என்று குறைபட்டுக்கொள்ள நமக்கு என்ன தகுதி இருக்கிறது? டியூஷன் ஆசிரியர் கேட்ட தொகையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், ஹஜ்ரத்தின் சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்ட ஜமாஅத்துக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாடுகிறோம். இன்னொன்றும் உண்டு. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று சொல்லிப் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் நம்மில் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பள்ளியில் அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மார்க்கக் கல்விக்கான மத்ரஸாக்களை அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைத்தது. வெளியே வைத்ததால் பிரம்புக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். குர்ஆனைக் காணும்போது பிள்ளைக்குப் பிரம்பு நினைவுக்கு வந்தால், அந்தக் கணக்கை நாம் எங்கே போய்த் தீர்ப்பது?

விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்பீர்களானால், ஈரானியர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே' படத்தைச் சொல்வேன். பாட்டு இல்லை, ஆபாசம் இல்லை, அடிதடி இல்லை. வீட்டுப் பாடத்தை நோட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதி வந்த மாணவனை ஆசிரியர் கடிந்துகொள்கிறார். இன்னொரு முறை இப்படி வந்தால் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவேன் என்கிறார். அவனுடைய நோட்டைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்ட அஹ்மத் என்னும் சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்க மலை ஏறி அடுத்த ஊருக்கு ஓடுகிறான். பெரியவர்கள் எவரும் அவன் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. இருட்டும்வரை தேடியும் நண்பனின் வீடு அகப்படவில்லை. இரவில் அமர்ந்து நண்பனின் பாடத்தையும் தானே எழுதி முடிக்கிறான். மறுநாள் ஆசிரியர் வரிசையாக நோட்டுகளைப் பார்த்து வருகிறார். நண்பனின் நோட்டைப் புரட்டுகிறார். தாள்களுக்கு நடுவே ஒரு சிறு பூ இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று அவருக்குத் தெரியாது. நன்று என்று சொல்லிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகிறார்.