எவன் அவன் என்று மட்டும் கேட்காதீர்கள்

பணம் கட்டும் சீட்டின் பின்பக்கம் ஒரே ஓர் எழுத்து. அதையே பத்து இருபது முறை எழுதி, சுற்றிலும் பூ வரைந்து, பிறகு பேனாவால் அடித்திருந்தாள். வில்லியனூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக்கு, உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க அம்மாவோடு வந்திருந்த பதினோராம் வகுப்புப் பெண். நம் சேரிப் பெண். அம்மா பார்த்துவிட்டார். “எவன்டி அவன்?” கவுண்டருக்கு முன்னாலேயே ஓர் அறை. “நீங்களே சொல்லுங்க தம்பி, இதுக்கா நடவுக்குப் போயி படிக்க வக்கிறேன்?” நான் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தேன். காதல் பற்றிக் கவிதை எழுதுகிறவன்தான் நானும்.

அந்த அம்மாவின் பயத்துக்கு ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. பக்கத்துக் கடலூர் மாவட்டத்துப் புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அன்று வன்னியப் பெண் கண்ணகியையும் தலித் இளைஞர் முருகேசனையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தண்டனை வர 2021 செப்டம்பர் ஆனது. தருமபுரியில் திவ்யாவும் இளவரசனும் மணம் செய்துகொண்டதற்கு 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி எரிந்தன.

இரண்டிலும் காதலித்த தலித் ஓர் ஆண். காதலிக்கும் தலித் பெண்ணைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஊர்ப் பையன் ஆசை காட்டிக் கைவிட்டால் அது செய்தியாவதில்லை. சேரிக்குள்ளேயே காதலித்தால் “படிப்ப பாரு” என்று முடித்துவிடுகிறோம்.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று காட்டினார். குழந்தை மணத்துக்குக் கேட்கர் சொன்ன நியாயத்தையும் அதில் எடுத்துக்காட்டுகிறார்: பெண்ணுக்கு ஆசை அரும்பும் முன்பே, யாரை நேசிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட வேண்டுமாம்! இது வெறும் சப்பைக்கட்டு, அகமணத்தைக் காப்பதே உண்மைக் காரணம் என்பது அம்பேத்கரின் பதில். ஒரு சிறுமியின் முதல் ஆசைக்குச் சாதி எவ்வளவு பயந்திருக்கிறது பாருங்கள்.

நத்தம் எரிந்த ஏழாம் நாள், 2012 நவம்பர் 14இல், போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குக் கீழே சம்மதம் செல்லாது. சட்டம் வேண்டும்; நம் பிள்ளைகள் மீது கைவைப்பவனுக்கு எதிராக நம்மிடம் உள்ள ஆயுதம் அது. ஆனால் பெண் விரும்பிப் போனாலும் பையனை உள்ளே தள்ள அதே சட்டம் பயன்படுகிறது. இப்படியொரு வழக்கை 2021 ஜனவரியில் ரத்து செய்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவத்துக் காதலைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமல்ல என்றார். காவல் நிலையத்திலும் முதல் கேள்வி அதேதான்: எவன் அவன்?

அவளிடம் யாரும் கேட்காத கேள்விகள் வேறு. உனக்கு என்ன தோணுது? அவன் உன்ன மரியாதையா நடத்துறானா? வேணாம்னு சொன்னா கேட்டுக்கிறானா? இதைக் கேட்க ஓர் ஆள் இருந்தால் அவள் ஏமாறுவதும் குறையும், ஓடுவதும் குறையும். நேசிக்கலாம், காத்திருக்கலாம், மறுக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், பாதிச் சாதி ஆட்டம் காணும்.

தோழர்களே, சாதி ஒழிப்பு மாநாட்டுத் தீர்மானத்தை வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம் படித்துக்காட்ட முடியுமா? தோழிகளே, நீங்கள் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். அந்த ஓர் எழுத்துக்கூட வேண்டாம். அடுத்த இதழின் முதல் பக்கம் உங்களுக்கு.